முன் சக்கரத்தையும் பாருங்கள்

எதிரே வந்து நின்ற பிக்கப்பின் ஹெட்லைட் வெளிச்சம் சாலையில் விழவில்லை. பெட்ரோல் பங்கின் கூரையில் விழுந்தது.

பின்னால் பெரிய டிராவல் டிரெய்லர், அதாவது வண்டி இழுத்துப்போகும் சக்கர வீடு. அதன் மூக்குப் பாரம், அதாவது முன்முனை அழுத்தும் எடை, மொத்தமும் ஹிட்ச்சில் (வண்டியையும் டிரெய்லரையும் இணைக்கும் கொக்கியில்) இறங்கி, வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. பின்பக்கம் தாழ்ந்தால் முன்பக்கம் லேசாகும். திருப்பத்தில் பிடி கொடுக்க வேண்டியவை முன்சக்கரங்கள்தான்.

இதற்காகத்தான் பாரத்தைப் பகிர்ந்து கொடுக்கும் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச். அதன் ஸ்பிரிங் பார்கள் நெம்புகோல் போல வேலை செய்து, பாரத்தில் ஒரு பங்கை முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் தள்ளிவிடும்.

பலரும் விளம்பரத்தில் போட்டிருக்கும் டிரெய்லரின் காலி எடையை வைத்து இந்த ஹிட்ச்சை வாங்குகிறார்கள். யார் காலியாகப் பயணம் போகிறார்கள்? தண்ணீர், கேஸ் சிலிண்டர், சாமான் எல்லாம் ஏற்றிய எடைதான் கணக்கு. அதில் 10 முதல் 15 சதவீதம் மூக்கில் இறங்கும். 3000 கிலோ என்றால் 300 முதல் 450 கிலோ. பிக்கப்பின் பின் அச்சுக்கு அப்பால் வைக்கும் மூட்டைகளையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, எதற்கும் இருக்கட்டும் என்று ரொம்பப் பெரிய ஸ்பிரிங் பார் போட்டால்? குலுக்கி எடுத்துவிடும்.

டிரெய்லரை மாட்டுவதற்கு முன் முன்சக்கரத்துக்கு மேலுள்ள வளைவின் உயரத்தை டேப்பில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மாட்டிய பின் ஒருமுறை, ஸ்பிரிங் பார்களைப் பூட்டிய பின் மறுபடியும் அளக்க வேண்டும். எழும்பியதில் எவ்வளவு இறங்க வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். சில வண்டிகளுக்கு இந்த வகை ஹிட்ச்சே கூடாது என்றும் அதிலேயே எழுதியிருப்பார்கள்.

அப்புறம், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் வண்டியின் இழுவைத் திறனை இது ஒரு கிலோகூடக் கூட்டாது.