வீட்டு சிஎன்சி நாட்குறிப்பு: நாலு டிரைவர், ஒரு சிக்குக் கோலம்

8 ஜூன் 2024, சனி

பொங்கலிலிருந்து மாடி அறையில் தூசி படிந்து கிடந்த சிஎன்சி (கம்ப்யூட்டர் சொல்கிறபடி நகரும் இயந்திரம்) சட்டத்துக்கு இன்று உயிர் கொடுக்க உட்கார்ந்தேன். அலுமினியச் சட்டம், டி8 லீட் ஸ்க்ரூ (சுற்றினால் பாகத்தை நகர்த்தும் நீளத் திருகு), மூன்று நேமா 17 மோட்டார் (17 என்பது பலத்தைக் குறிக்கும் எண் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன், முகப்பு 1.7 அங்குலம் என்பதுதான் விஷயம்). ஆர்டுயினோ ஊனோ என்ற கட்டுப்பாட்டுப் பலகையில் ஜிஆர்பிஎல் (கட்டளையை மோட்டார் அசைவாக மாற்றும் மென்பொருள்) ஏற்றி, மேலே சிஎன்சி ஷீல்டு என்ற இணைப்புப் பலகை, அதில் ஏ4988 டிரைவர் (ஒவ்வொரு மோட்டாருக்கும் கரண்ட் விடும் குட்டிப் பலகை). காந்திபுரத்தில் வாங்கும்போது எதற்கும் இருக்கட்டும் என்று மூன்றுக்குப் பதில் நாலு வாங்கினேன்.

மோட்டாரில் நாலு ஒயர். எது எதோடு ஜோடி என்று மல்டிமீட்டரில் பீப் வைத்துப் பார்க்கலாம், ஆனால் எனக்குப் பிடித்தது வேறு வழி. மோட்டாரை எதிலும் இணைக்காமல், ஏதாவது இரண்டு ஒயரின் நுனியை முறுக்கிச் சேர்த்துவிட்டு தண்டை விரலால் சுற்ற வேண்டும். கடகடவென்று இறுகினால் அந்த இரண்டும் மோட்டாருக்குள் ஒரே காயிலின் (கம்பிச்சுருள்) இரு முனை. லூசாகச் சுற்றினால் வேறு ஜோடி. இதைக் கையில் உணர்ந்து பார்ப்பதில் ஒரு தனி சந்தோஷம் இருக்கிறது.

9 ஜூன், ஞாயிறு

முழுநாளும் ஒரு கடுகளவு திருகோடு போனது. டிரைவர் பலகையின் மூலையில் இருக்கும் அந்தக் குட்டித் திருகுதான் மோட்டாருக்கு எவ்வளவு கரண்ட் போகலாம் என்று வரம்பு வைக்கிறது. ஒரு வீடியோவில் 1 ஆம்புக்கு அந்தத் திருகில் 0.4 வோல்ட் வை என்றார்கள், வைத்தேன். மோட்டார் முனகியது, மெதுவாகப் போகச் சொன்னால் போனது, கொஞ்சம் வேகம் கேட்டால் நின்ற இடத்திலேயே அதிர்ந்தது. ஒயரை மாற்றிப் பார்த்தேன், பவர் தரும் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகப்பட்டேன், சாப்பிடக்கூட இறங்கவில்லை.

சாயங்காலம் அம்மா பஞ்சாங்கம் பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்து வந்து பலகையைப் பார்த்தால், சிப்புக்குப் பக்கத்தில் இரண்டு கறுப்புச் சில்லு, இரண்டிலும் ஆர்100 என்று பொடி எழுத்து. அதாவது 0.1 ஓம். வீடியோக்காரர் வைத்திருந்தது ஆர்050 பலகையாக இருக்க வேண்டும். கணக்கு இதுதான்: வோல்ட் = கரண்ட் × 8 × அந்த ஓம். 0.05 ஓமுக்கு 0.4 வோல்ட் வைத்தால் 1 ஆம்ப், எனக்கு அதே 0.4 வோல்ட்டில் வெறும் அரை ஆம்ப். என் மோட்டார் 1.5 ஆம்ப் தாங்கும், அதில் 70 சதவீதம் போதும் என்று 1.05 ஆம்புக்கு 0.84 வோல்ட் வைத்தேன். முனகல் போய் சீறல் வந்தது.

மல்டிமீட்டரின் சிவப்பு ஒயரை முதலைக் கிளிப்பால் திருப்புளியின் இரும்புத் தண்டிலேயே கவ்வ வைத்துவிட்டால், திருகத் திருக அளவு தெரியும். இது தெரியாமல் திருகுவதும் அளப்பதுமாக ஒரு மணி நேரம் வீண்.

12 ஜூன், புதன்

ஆபீஸ் முடிந்து வந்து அரை மணி நேரம். 100 மி.மீ. போ என்றால் 62.5 மி.மீ. போய் நின்றது. இந்தமுறை பதறவில்லை. ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், மூன்று ஜம்பரும் (டிரைவருக்கு அடியில் போடும் குட்டி இணைப்பு) போட்டிருப்பதால் ஒவ்வொரு ஸ்டெப்பும் 16 ஆகப் பிரியும், ஆக 3200. லீட் ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகர்த்தும். 3200 ÷ 8 = 400, ஒரு மி.மீ.க்கு இத்தனை. ஜிஆர்பிஎல் தானாக வைத்திருந்தது 250. எக்ஸ், ஒய், இசட் என்ற மூன்று அச்சுக்குமான $100, $101, $102 செட்டிங் மூன்றிலும் 400 போட்டதும் ஸ்டீல் ஸ்கேலில் சரியாக நூறு. ஒய் (முன்பின்னாக நகரும் அச்சு) தலைகீழாக ஓடியது, அதற்கு ஒயரைப் பிடுங்க வேண்டாம், $3=2 போதும்.

15 ஜூன், சனி

ஒரு டிரைவர் காலி. முழுக்க என் தப்பு. ஒய் மோட்டாரின் கனெக்டர் லூசாக இருப்பதுபோல் தெரிந்தது, பவர் ஓடிக்கொண்டிருக்கும்போதே உருவிச் செருகினேன். சட்டென்று ஒரு சத்தம், ஒரு இழை புகை, கருகிய பிளாஸ்டிக் வாசனை. ஓடும் காயிலைத் திடீரென்று அறுத்தால் அதில் இருக்கும் சக்தி எங்காவது போயாக வேண்டுமே, டிரைவர் வழியாகத்தான் போகும். இதைப் பத்து இடத்தில் படித்திருக்கிறேன். படித்தது வேறு, கை போவது வேறு.

நாலாவது டிரைவரைப் போடலாம் என்றால் அதன் ஒரு கால் வளைந்திருந்தது, நிமிர்த்தும்போது கையோடு வந்துவிட்டது. கடையில் ஏ4988 தீர்ந்துபோய் டிஆர்வி8825தான் இருந்தது, அதை வாங்கி வந்தேன். அதில் அந்தக் குட்டித் திருகு எதிர்ப்பக்க ஓரத்தில் இருக்கிறது. மற்ற இரண்டையும் பார்த்து அதேபோலச் செருகப் போனேன், நல்லவேளை ஷீல்டில் இஎன் (டிரைவரின் அதே பெயர்க் கால் வரவேண்டிய இடம்) என்று எழுதியிருப்பது கண்ணில் பட்டது. திருப்பிப் போட்டிருந்தால் அதுவும் புகைதான். இதில் மூன்று ஜம்பரும் போட்டால் 32 ஆகப் பிரியும், மூன்றாவதை மட்டும் போட்டால் 16. கரண்ட் கணக்கும் வேறு, வோல்ட்டைப்போல இரண்டு மடங்கு ஆம்ப், அதனால் 0.52 வைத்தேன்.

16 ஜூன், ஞாயிறு

ஸ்பிண்டிலுக்கு (வெட்டும் முனையைச் சுழற்றும் மோட்டார்) பதில் பேனாவைக் கட்டி, ஒரே இழையில் முடியும் சிக்குக் கோலம் போடச் சொன்னேன். சோதனைக்கு இதைவிட நல்லது கிடையாது என்பது என் கட்சி. சதுரம், வட்டமெல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும், சின்னத் தப்பு கண்ணில் படாது. கோலமோ சுற்றிச் சுற்றி எல்லாப் பக்கமும் போய்விட்டுக் கிளம்பிய இடத்துக்கே வந்தாக வேண்டும். வரவில்லை என்றால் எங்கேயோ ஸ்டெப் தவறியிருக்கிறது.

வரவில்லை. ஒய் திசையில் 3 மி.மீ. இடைவெளி. மோட்டார் ஒருமுறை வழுக்கினால் சாதாரணமாக 4 முழு ஸ்டெப் போகும், என் திருகில் அது 0.16 மி.மீ. அப்படியென்றால் இருபது தடவைக்குப் பக்கம் வழுக்கியிருக்கிறது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "கோலம் போடறதுக்கு இத்தனை ஒயரா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

புது டிரைவர்தான் காரணம் என்று 0.6, அப்புறம் 0.7 என்று ஏற்றினேன். மோட்டாரில் விரல் வைக்க முடியவில்லை. இடைவெளி கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. எக்ஸில் இருந்த ஏ4988ஐ ஒய்க்கு மாற்றி அதையும் 1.1 வரை ஏற்றினால், நடுவில் மோட்டார் செத்துச் செத்துப் பிழைத்தது. சிப் 165 டிகிரி தொட்டால் தானே அணைந்துகொள்ளும், ஆறினால் மறுபடி கிளம்பும். பழைய கம்ப்யூட்டர் ஃபேனைக் கட்டினேன். அணைவது நின்றது. இடைவெளி அங்கேயே.

22 ஜூன், சனி

பக்கத்துத் தெரு லேத் பட்டறை அண்ணனிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். வேலையை நிறுத்தாமலே கேட்டார், "எப்பவும் ஒரே பக்கமா தப்புதுங்களா?" ஆமாம், எப்போதும் முன்பக்கமாகத்தான் என்றேன். "அப்ப கரண்ட்டெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் தம்பி. லைனை ஆஃப் பண்ணிப்போட்டு கையில சுத்திப் பாருங்க, எங்க புடிக்குதுன்னு."

வீட்டுக்கு வந்து ஸ்க்ரூவைக் கையால் சுற்றினேன். முக்கால் தூரம் வெண்ணெய் மாதிரி. கடைசி 40 மி.மீ.யில் பிடித்தது, விரல் நுனி சிவக்கும் அளவுக்கு. ஸ்க்ரூவில் ஓடும் நட்டைப் படுகையோடு (தாள் வைக்கும் மேடை) சேர்க்கும் பிராக்கெட்டை நான் படுகையை நடுவில் வைத்து இறுக்கியிருந்தேன், ஓரத்துக்குப் போகும்போது ஸ்க்ரூவை வளைக்கிறது. படுகையை அந்தக் கடைசிக்கே தள்ளி, பிராக்கெட்டின் நாலு போல்ட்டையும் தளர்த்தி, அது தானாக உட்கார்ந்த இடத்தில் இறுக்கினேன். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இரண்டு விரலால் சுற்றுகிறது.

23 ஜூன், ஞாயிறு

டிஆர்வி8825ஐத் திரும்ப ஒய்யில் போட்டு 0.52க்கு இறக்கினேன். அதே கோலம், அதே வேகம். இழை கிளம்பிய புள்ளியில் வந்து உட்கார்ந்தது, பூதக்கண்ணாடி வைத்தாலும் சேர்ந்த இடம் தெரியவில்லை. இரண்டாவது தாளிலும் அப்படியே. ஒரு தாளை அண்ணனிடம் கொடுத்தேன், எண்ணெய்க் கையோடு வாங்கி லேத்துக்குப் பின்னால் சுவரில் செருகி வைத்துக்கொண்டார்.

ஒரே ஒரு தொல்லை பாக்கி. வேலை முடிந்ததும் ஜிஆர்பிஎல் மோட்டார்களை விட்டுவிடுகிறது, அந்த நொடியில் இசட் (பேனாவை ஏற்றி இறக்கும் அச்சு) தன் எடையில் லேசாக இறங்கித் தாளில் ஒரு புள்ளி வைக்கிறது. $1=255 போட்டுவிட்டேன், இனி விடாமல் பிடித்திருக்கும். சும்மா இருக்கும்போதும் மோட்டார் சூடாகவே இருக்கிறது, இருக்கட்டும்.