கையுறை வெளியே நீண்ட நாள்

மகேந்திரகிரி அடிவாரத்தில், பணகுடிப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். நிலாக் கல்லை எப்படிக் கெடாமல் வைத்திருக்கிறார்கள் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டார்கள். சரி, செய்தே பார்ப்போம் என்று இறங்கினோம்.

நிலாக் கல்லுக்குப் பதில் நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியிலிருந்து வந்த வெள்ளைக் கல். நிலாவின் மேட்டு நிலப் பாறையும் இதுவும் ஒரே வகை. சந்திரயான் 2 சோதனைக்கு இஸ்ரோ அந்த ஊர்ப் பக்கத்துப் பாறையை அரைத்துத்தான் நிலா மண் செய்தது. நிலாத் தூசியில் துருவேறாத இரும்புத் துகள் உண்டு. நம் காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் அதைச் சும்மா விடாது. அதனால் லேத் பட்டறை இரும்புத் துருவலை எண்ணெய் போகக் கழுவி, கல்லுக்குப் பக்கத்தில் சாட்சியாக வைத்தோம்.

அக்ரிலிக் பெட்டி, முன்னால் இரண்டு ஓட்டை, அதில் ரப்பர் கையுறை, இடுக்கெல்லாம் சிலிகான் பசை, ஈரத்துக்குச் சிலிகா ஜெல் பை. உள்ளே காற்றுக்குப் பதில் நிரப்ப நைட்ரஜனை டயர்க் கடை அண்ணாச்சி லாரி டியூபில் பிடித்துக் கொடுத்தார். "பிள்ளைகளுக்குன்னா சும்மா கொண்டுபோங்க சார்" என்றார்.

மறுநாள் பார்த்தால், வெளியே வைத்த துருவலைவிட உள்ளே இருந்ததுதான் சிவந்து கிடந்தது. மனசே விட்டுப்போச்சு. மூடியைத் திறந்ததும் குப்பென்று வினிகர் வாடை. அந்தப் பசை காயும்போது அசிட்டிக் அமிலம் விடும். அதை நாங்களே உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறோம்! நிலாக் கல்லை வைத்திருக்கும் அமெரிக்காவின் ஹூஸ்டன் நாசா ஆய்வகத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அலுமினியம், டெஃப்லான் இந்த மூன்றைத் தவிர வேறெதையும் கல்லில் படவிட மாட்டார்கள் என்று படித்திருந்தேன். ஏன் இந்தக் கெடுபிடி என்பது அந்த வாடையில்தான் விளங்கியது.

ஒரு வாரம் பெட்டியைத் திறந்தே காயவிட்டோம். அப்புறம் புதுத் துருவல் வைத்து மூடி, சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வந்த இடமெல்லாம் அடைத்து, நைட்ரஜனை மெல்ல விட்டோம். உள்ளே தொங்கிக் கிடந்த கையுறை ரெண்டும் ஒவ்வொரு விரலாகப் புடைத்து வெளியே நீண்டன. ஹூஸ்டன் படங்களிலும் அப்படித்தான் நிற்கும். உள்ளே அழுத்தம் சற்றுக் கூடுதல். எங்காவது கசிந்தாலும் நைட்ரஜன் வெளியே வருமே தவிர நம் காற்று உள்ளே போகாது.

1969 முதல் 1972 வரை மனிதர் நிலாவில் இறங்கிய ஆறு அப்போலோ பயணங்களில் வந்த கல்லும் மண்ணும் மொத்தமே 382 கிலோ. அதில் அப்போலோ 17 நிலா மண் அடைத்துக் கொண்டுவந்த ஒரு குழாயை, பின்னால் வரும் கருவிகளுக்கென்று 2022 வரை திறக்காமலே காத்தார்கள். "அப்ப அதத் திறந்தவங்கள்ல பாதிப் பேரு, மூடுனப்ப பிறந்திருக்கவே மாட்டாங்கல்லா சார்?" என்றாள் ஒரு பிள்ளை.

ஆனிச் சாரல் மூன்று நாள் அடித்தது. வெளியே வைத்த துருவல் காவியாகிவிட்டது. பெட்டிக்குள் இருப்பது இன்னும் மினுங்குகிறது. சாயங்காலம் யாராவது ஒரு பிள்ளை டியூபை அமுக்கிப் பார்த்து, குறைந்திருந்தால் அண்ணாச்சி கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது.