சைதாப்பேட்டைக்கும் கிண்டிக்கும் நடுவில் எழுபது நிமிடம்

எலக்ட்ரிக் டிரெயின் நடுவழியில் நின்றால் நான் முதலில் பார்ப்பது தலைக்கு மேலே இருக்கும் ஃபேனைத்தான். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தால் சிக்னல், கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிடும். விளக்கும் ஃபேனும் அணைந்து, வண்டி மட்டும் உருண்டுகொண்டே இருந்தால் அதற்கும் பயமில்லை. இரண்டு துணை மின்நிலையங்களின் மின்சாரம் ஒன்றோடொன்று சேராமல் இருக்க, மேலே போகும் கம்பியில் அங்கங்கே மின்சாரம் இல்லாத துண்டு விட்டிருப்பார்கள். அதைத் தாண்டியதும் எல்லாம் திரும்ப வந்துவிடும். வண்டியும் நின்று, ஃபேனும் நின்று, காலுக்கடியில் கடகடக்கிற கம்ப்ரஸரும் அடங்கிவிட்டால்தான் வீட்டுக்குப் போன் போட வேண்டும்.

போன அக்டோபரில் ஒரு நாள் மாலை 6.48க்கு மூன்றும் அடங்கின. பார்க் ஸ்டேஷனில் ஏறியிருந்தேன், போக வேண்டியது கூடுவாஞ்சேரி. சைதாப்பேட்டை தாண்டி, வண்டியின் முன்பக்கம் அடையாற்றுப் பாலத்தைத் தொடும் இடம். வெளியே தூறல். கம்ப்ரஸர் ஓய்ந்ததும் ஆற்றுப் பக்கமிருந்து தவளைச் சத்தம் கேட்டது. இத்தனை வருடம் அந்தப் பாலத்தைக் கடந்தும், அங்கே தவளை இருப்பது எனக்குத் தெரியாது.

லேடீஸ் கம்பார்ட்மெண்டில் எங்களுக்குப் பெயர் கிடையாது, ஸ்டேஷன்தான். பல்லாவரம் அக்கா, குரோம்பேட்டை டீச்சர், நான் கூடுவாஞ்சேரி. பல்லாவரம் அக்கா மடியில் ஒரு பையை விரித்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். வழக்கமாக அவர் இறங்குவதற்குள் ஒரு கட்டு முடியும். அன்று இரண்டாவது கட்டையும் பிரித்தார். “லைன்ல கரெண்ட் இல்ல. இது இப்போ எடுக்காது” என்றார், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கைபேசிச் செயலியைத் திறந்தேன். அதில் எங்கள் ரயில் பழவந்தாங்கலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அதை மூடிவிட்டு வீட்டுக்குப் பேசினேன். “மாவு ஃப்ரிட்ஜ்ல இருக்கு, தோசை ஊத்திக்கோங்க.”

இருபது நிமிடம் ஆனதும் அடுத்த பெட்டியிலிருந்து ஆண்கள் குதிக்க ஆரம்பித்தார்கள். பிளாட்பாரம் இல்லாத இடத்தில் வாசலுக்கும் ஜல்லிக்கும் நடுவே ஓர் ஆள் நெஞ்சளவு உயரம் இருக்கும். குதித்தவர்கள் செல்போன் வெளிச்சத்தில் சைதாப்பேட்டை பக்கம் திரும்பி நடந்தார்கள். எங்கள் பெட்டியில் ஒரு காலேஜ் பெண் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். டீச்சர் அவள் துப்பட்டாவைப் பிடித்து உட்கார வைத்தார். “மேல போறது 25,000 வோல்ட். எங்க அறுந்து தொங்குதுன்னு உனக்குத் தெரியுமா? பக்கத்து லைன்ல வண்டி வந்தா எங்க ஒதுங்குவ?” அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அம்மாவிடம் டீச்சரே பேசினார்.

கோபம் எனக்கும் இருந்தது. வண்டி கெடுவது ஒரு பக்கம் இருக்கட்டும், கெட்டது என்னவென்று ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லையே என்பதுதான் எரிச்சல். ஏழரை மணிக்கு டார்ச்சோடு கார்டு கீழே நடந்து வந்தார். இப்போது அந்த வேலைக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர். எங்களுக்கு இன்னும் கார்டுதான். ஜன்னல் வழியாக எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினோம். “மேல் கம்பியில மரக்கிளை விழுந்திருக்கும்மா. கம்பியைச் சரிபண்ற டவர் வேகன் வந்துட்டிருக்கு. அரைமணி நேரமாவது ஆகும், இறங்காதீங்க” என்றார். அவ்வளவுதான் செய்தி. ஆனால் அதற்குப் பிறகு பெட்டியில் முணுமுணுப்பு குறைந்தது. யாரோ முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார்கள்.

பக்கத்து எக்ஸ்பிரஸ் லைனில் ஒரு லோக்கல் மெதுவாக எங்களைக் கடந்தது, படியெல்லாம் ஆள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2018 ஜூலை 24 காலையும் இப்படித்தான். மின்கம்பி அறுந்துபோய், லோக்கலை எக்ஸ்பிரஸ் பாதையில் திருப்பிவிட்டார்கள். படியில் தொங்கி வந்தவர்கள் பரங்கிமலையில் தடுப்புச் சுவரில் மோதி இறந்தார்கள். வழக்கமான பாதையில் அந்தச் சுவர் கிட்டத்தில் வராது. மாற்றுப் பாதையில் வண்டி போனால், எவ்வளவு நெரிசலாக இருந்தாலும் உள்ளே நிற்க முடிந்தால்தான் நான் ஏறுவேன்.

7.58க்கு ஃபேன் சுற்றியது. பெட்டியில் ஒரு கைதட்டல். வண்டி ஊர்ந்து ஊர்ந்து பாலத்தைக் கடந்து கிண்டிக்கு வந்ததும் பாதிப் பேர் இறங்கி ஓடினார்கள். நானும் முன்பு அப்படி ஓடியவள்தான். ரயில் நின்றால் அந்தக் கூட்டம் முழுக்க ஜி.எஸ்.டி. சாலையில்தான் கொட்டும். பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது, ஆட்டோக்காரர் வாய்க்கு வந்ததைக் கேட்பார். அப்படி ஓடிய ஒரு நாள் குரோம்பேட்டை மேம்பாலத்தடியில் மாட்டிக்கொண்டு நின்றபோது, நான் விட்டுவிட்டு வந்த ரயில் எனக்கு முன்னால் தாம்பரம் போய்ச் சேர்ந்திருந்தது. விமான நிலையம் வரை போகிறவர்களுக்கு கிண்டியில் மெட்ரோ இருக்கிறது, இறங்கலாம். தாம்பரம் தாண்டிப் போகிறவர்கள் உட்கார்ந்த இடத்தை விடக்கூடாது என்பது என் கணக்கு.

அன்று அந்தக் கணக்கும் பாதிதான் பலித்தது. செங்கல்பட்டு வரை போக வேண்டிய வண்டியைத் தாம்பரத்தோடு நிறுத்திவிட்டார்கள். அடுத்த வண்டி எந்தப் பிளாட்பாரம் என்று இரண்டு முறை மாற்றிச் சொன்னார்கள், இரண்டு முறையும் படி ஏறி இறங்கினோம். மூன்றாவது முறை அறிவிப்பு வந்தபோது நான் நகரவில்லை. பூ விற்கிற அம்மா ஒருவர் கூடையை இறக்காமல் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் பக்கத்தில் போய் நின்றேன். வண்டி அங்கேதான் வந்தது.

வீட்டுக்குள் நுழையும்போது மணி 9.50. பையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் ஒரு கவர் முருங்கைக்கீரை இருந்தது. பல்லாவரத்தில் இறங்கும்போது அக்கா கொடுத்தது. “ரெண்டு கட்டையும் உருவியாச்சு, எனக்கு ஒண்ணு போதும்.” விடிந்தால் பழுத்துவிடும் என்று அப்போதே அடுப்பில் வைத்தேன்.