இரு புறமிருந்தும் எழுதிய கொப்பி

எங்களுக்குப் புவியியல் படிப்பித்த மாஸ்ரர் கரும்பலகையின் மேல் இடது மூலையில் லண்டன் என்று ஒரு புள்ளி வைப்பார். பிறகு சோக்கை எடுக்காமல் ஒரே இழுவையில் இஸ்தான்புல், தெஹ்ரான், கல்கத்தா என்று சொல்லிக்கொண்டே போய்ச் சிங்கப்பூரில் நிறுத்துவார். 1955 செப்டெம்பரில் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் ஆறு பேர் இரண்டு லாண்ட் ரோவர்களில் புறப்பட்டு, அடுத்த மார்ச்சில் சிங்கப்பூரை அடைந்த பாதை அது. "ஆறு பேரும் மாணவர்கள்" என்று அழுத்திச் சொல்லி, கையைத் துடைத்துக்கொள்வார். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. அந்தக் கோடு அன்றே என் மனதில் ஏறிவிட்டது.

இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்த காலத்தில் வீட்டார் காணியை ஈடு வைத்து என்னை லண்டனுக்குப் படிக்க அனுப்பினார்கள். 1975இல் இறுதிப் பரீட்சை முடிந்ததும் நண்பர்கள் ஏழு பேர் பணம் சேர்த்து ஒரு பழைய வான் வாங்கினோம். ஆங்கிலேயர் மூவர், துருக்கியர் ஒருவர், ஈரானியர் ஒருவர், லாகூர்க்காரர் ஒருவர், நான். அவரவர் ஊருக்கு எல்லோருமாகப் போவது, அவரவர் வீட்டில் எல்லோரும் சாப்பிடுவது, இதுதான் திட்டம். விசா, வண்டிக்கான சுங்க உறுதிப் பத்திரம் என்று இரண்டு மாதம் அலைந்த கதை வேண்டாம். மாஸ்ரருக்கு எழுதியபோது பதில் வந்தது: "வெறுங்கையோடு வராதே. போகிற ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு வரி எழுதி வாங்கி வா."

அதற்காக ஒரு கொப்பி வாங்கினேன். நம் ஊர் சி.ஆர். கொப்பி போலத் தடித்த மட்டை, கோடு போட்ட தாள். சாக்ரெப், நிஷ், பிறகு இஸ்தான்புல். அங்கே பொஸ்பரஸ் பாலம் திறந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. துருக்கி நண்பரின் தாயார் எங்களை ஐந்து நாள் விடவில்லை. அவரை அங்கே விட்டுவிட்டு ஆறு பேராகக் கிழக்கே போனோம். அரராத் மலையின் பனிமுடியை இடப்பக்கம் பார்த்தபடி ஈரானுக்குள் நுழைந்தோம்.

தப்ரீஸில் அப்போதுதான் பள்ளிக்கூடம் தொடங்கியிருந்தது. முன்வரிசைப் பையன் ஒருவன் கொப்பியை வாங்கினான், புரட்டிப் பார்த்தான், பிறகு திருப்பிப் பின்மட்டையைத் திறந்து அங்கே எழுதத் தொடங்கினான். பாரசீகம் வலமிருந்து இடம் போகும் எழுத்து. அவனுக்கு அதுதான் முதல் பக்கம். எனக்கு அந்தக் கணம் வரை அது தோன்றவே இல்லை. அன்றிலிருந்து கொப்பி இரண்டு முனையிலிருந்தும் நிரம்பத் தொடங்கியது.

அது நோன்புக் காலம். மாலை மங்கும் நேரத்தில் வழியோரக் கடையில் வண்டியை நிறுத்தினால், யார் எவர் என்று கேட்காமல் ரொட்டியையும் பேரீச்சம்பழத்தையும் எங்கள் பக்கம் தள்ளிவிடுவார்கள். தெஹ்ரானில் ஈரானிய நண்பர் இறங்கிக்கொண்டார். ஆப்கானிஸ்தானின் ஹெராத்தை அடைந்த மறுநாள் பெருநாள். தேநீர்க் கடைக்காரர் எங்களிடம் காசு வாங்க மறுத்து, பையில் உலர்திராட்சையையும் அள்ளிப் போட்டார்.

ஹெராத்திலிருந்து காந்தஹார் வரை சோவியத் நாட்டார் போட்டுக் கொடுத்த கொங்கிரீட் வீதி. பாளங்கள் சேரும் இடத்தில் சக்கரம் 'டக்' என்னும். நாள் முழுவதும் அந்த ஓசைதான். காந்தஹாரிலிருந்து காபூல் வரை அமெரிக்கர் போட்ட தார் வீதி. வண்டி வழுக்கிக்கொண்டு போகும். காந்தஹாரில் மாதுளை அறுவடைக் காலம். ஒரு சிறுவன் பழத்தை உடைத்த கையோடு எழுதினான். அந்தப் பக்கத்தில் அவன் விரல் பட்ட கறை இன்று பழுப்பாக இருக்கிறது. எழுத்தைவிட அதைத்தான் நான் அடிக்கடி பார்ப்பேன்.

கைபர் கணவாயைப் பகலிலேயே கடந்துவிட வேண்டும். பெல்ஜியத்தின் ஒஸ்டெண்ட் துறைமுகத்தில் இறங்கிய நாளிலிருந்து வலப்பக்கம் ஓடிய வண்டி, தோர்கமில் பாகிஸ்தானுக்குள் நுழைந்ததும் இடப்பக்கத்துக்கு மாறும். லாகூர் நண்பர் அங்கே சாரதி ஆசனத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இந்திய எல்லையான வாகா வரை வேறு யாரையும் ஓட்ட விடவில்லை.

காரணம் எங்களுக்குத் தெரியும். 1971 போருக்குப் பின் இந்தியாவும் பாகிஸ்தானும் தூதரக உறவே இல்லாமல் இருந்தன. எங்களுக்குத் திறந்த படலை அவருக்குத் திறக்காது. சுங்கச்சாவடி வாங்கில் உட்கார்ந்து, பின்புறமிருந்து வந்த எழுத்துக்குக் கடைசிப் பக்கமாக, உருதில் ஒரு பக்கம் முழுவதும் எழுதினார். பிறகு திறப்பை என் கையில் வைத்தார். "இடப்பக்கம் ஓட்டத் தெரிந்தவன் நீ" என்றார். கண்ணாடியில் அவர் உருவம் சிறுத்துக்கொண்டே போனதைப் பார்த்தபடி எல்லையைக் கடந்தேன்.

நான்கே ஆண்டில், 1979இல், ஈரானில் புரட்சி, ஆப்கானிஸ்தானில் சோவியத் படை. அந்தப் பாதை எங்களைப் போன்ற மாணவர்களுக்கு மூடிக்கொண்டது. ஹெராத்துத் தேநீர்க் கடைக்காரர் என்ன ஆனாரோ என்று இன்றும் மனம் அடித்துக்கொள்கிறது.

டில்லியிலும் சென்னையிலும் பிள்ளைகள் முன்புறமிருந்து எழுதினார்கள். மண்டபம் வரை வண்டி. அதற்கப்பால் பாம்பன் பாலத்தில் ரயில், இராமேசுவரத்தில் கப்பல். 1976 மாசியில் எங்கள் கல்லூரியின் அதே வகுப்பறையில் மாஸ்ரரிடம் கொப்பியைக் கொடுத்தேன். அவர் முன்னாலும் பின்னாலும் புரட்டி, நடுவில் வெறுமையாக எஞ்சியிருந்த ஒரேயொரு பக்கத்தைக் கண்டுபிடித்தார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக வந்து அந்தப் பக்கத்தில் நெருக்கி நெருக்கித் தமிழில் எழுதினார்கள். எழுதி முடித்தபோது இடப்பக்கம் அவர்களின் தமிழ், வலப்பக்கம் வாகாவில் எழுதிய உருது. மை காயுமுன் மாஸ்ரர் கொப்பியை மூடிவிட்டார். உருது எழுத்தின் மேல் நம் பிள்ளைகளின் நீல மை இலேசாகப் பதிந்திருக்கிறது.

கொப்பி இங்கே லண்டனில் என்னிடம் இருக்கிறது. முப்பத்தொரு பெயர்கள் வாசிக்கக்கூடியவை. அந்த ஆண்டு எட்டாம் வகுப்பில் இருந்தவர்கள் யாரேனும் இதைப் படித்தால் பழைய மாணவர் சங்கத்துக்கு எழுதுங்கள். ஒன்றுகூடல் நாளில் கொண்டுவருகிறேன்.