வகுப்புக் கட்டுரையிலிருந்து இதழ் வரை: பதினொரு மாதங்கள்

அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஸ்பானிய மொழியும் இலக்கியமும் இளங்கலையில் படித்துக்கொண்டிருந்தபோது, மூன்றாம் ஆண்டு வகுப்புக்காக எழுதிய ஒரு கட்டுரையை, உலக மொழிகளுக்கும் இலக்கியங்களுக்கும் உரிய ஓர் இளங்கலை ஆய்விதழில் வெளியிட்டேன். அனுப்பிய நாளிலிருந்து அச்சாகும் வரை பதினொரு மாதங்கள் ஆயின. இதே வழியில் நடக்க நினைக்கும் மாணவர்களுக்கு உதவக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

கட்டுரை மெக்சிகோவின் பதினேழாம் நூற்றாண்டுக் கவிஞரும் கன்னித்துறவியுமான சோர் ஹுவானாவைப் பற்றியது. பெண்களைக் குறைசொல்லும் ஆண்களை நோக்கி அவர் பாடிய புகழ்பெற்ற பாடலின் முதல் நான்கு அடிகளையே முதன்மையாக எடுத்துக்கொண்டிருந்தேன். 'பெண்ணை நியாயமின்றிக் குற்றஞ்சாட்டும் மதிகெட்ட ஆண்களே, நீங்கள் பழிக்கும் அந்தச் செயலுக்கு நீங்களே ஒகாசியோன் என்பதைக் காணாதவர்களே' என்பது அவற்றின் கருத்து. அந்த 'ஒகாசியோன்' என்ற ஒரு சொல்தான் பின்னர் என்னை மாதக்கணக்கில் அலைக்கழித்தது.

வகுப்பு முடிந்ததும் பேராசிரியர் என்னை அழைத்து, இதை வெளியிடலாம் என்றார். எப்படித் தொடங்குவது என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னுடன் தங்கியிருந்த வேதியியல் மாணவிக்கு ஆய்வுக்கூடம் இருந்தது. அங்கே மூத்தவர்கள் எழுதும் கட்டுரையில் அவள் பெயரும் சேரும். அமெரிக்காவில் இளங்கலை ஆய்வை வளர்க்க 1978இல் தொடங்கிய மன்றத்தையே வேதியியல் ஆசிரியர்கள்தாம் நிறுவினார்கள் என்று பின்னாளில் அறிந்தபோது, அந்த வேறுபாட்டின் வேர் ஓரளவு புரிந்தது. இலக்கிய மாணவருக்கு அத்தகைய கூடம் இல்லை. கட்டுரையில் அவர் பெயர் மட்டுமே நிற்கும், பிழையும் அவருடையதாகவே இருக்கும்.

இதழைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று செய்திகளைப் பார்த்தேன்: பட்டம் பெற்ற பிறகும் ஏற்பார்களா, எந்த மொழியில் எழுதலாம், மதிப்பீடு செய்பவர் யார். அந்த நாள்களில் பணம் கேட்டு ஒரு 'பன்னாட்டு இதழ்' மின்னஞ்சல் அனுப்பியது. ஒரே வாரத்தில் வெளியிடுவதாகவும் சொன்னது. அதைப் பேராசிரியரிடம் காட்டினேன், அவர் அழிக்கச் சொன்னார். ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பக் கூடாது என்ற நெறியையும் அன்றுதான் கற்றேன்.

கோடை முழுவதும் கட்டுரையைத் திருத்தினேன். வகுப்புக் கட்டுரை, நான் படித்திருக்கிறேன் என்று ஆசிரியருக்குக் காட்டுவதற்காக எழுதப்பட்டது. ஆய்விதழ் வாசகருக்கு அது தேவையில்லை. கவிஞரின் வாழ்க்கை வரலாற்றைச் சொன்ன நான்கு பக்கங்களை நீக்கி, அவர் மெக்சிகோ நகரத்துச் சான் ஹெரோனிமோ மடத்தில் வாழ்ந்தார், 1695இல் இறந்தார் என்ற அளவில் நிறுத்தினேன். ஸ்பானிய மொழியில் எழுதியிருந்ததை, மற்ற மொழித் துறை மாணவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக ஆங்கிலத்தில் மாற்றினேன். எழுதியவர் யார் என்று மதிப்பீடு செய்பவருக்குத் தெரியக் கூடாது என்பதால், கோப்பின் பண்புகளில் ஒளிந்திருந்த என் பெயரையும் அழித்துவிட்டு அக்டோபர் முதல் வாரத்தில் அனுப்பினேன்.

சனவரி இறுதியில் இரண்டு மதிப்பீடுகள் வந்தன. ஒருவர் ஆறு வரிகளில் பாராட்டியிருந்தார். மற்றவரின் இரண்டு பக்கக் குறிப்பைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் மேற்கோள்களை எல்லாம் ஒரு பழைய ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்திருந்தேன். அதில் 'ஒகாசியோன்' என்பது 'காரணம்' என்றே பெயர்க்கப்பட்டிருந்தது. 'உங்கள் வாதம் கவிஞரின் சொல் மீது நிற்கவில்லை, மொழிபெயர்ப்பாளரின் சொல் மீது நிற்கிறது. அக்காலத்து அகராதிகளைப் பாருங்கள்' என்பது அவர் குறிப்பின் சாரம். அது முற்றிலும் சரி. பெயர் தெரியாத அந்த மதிப்பீட்டாளருக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

1611இல் வெளிவந்த கோவருபியாஸின் அகராதியையும், ஸ்பானிய அரச கழகம் 1726 முதல் 1739 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட அகராதியையும் திறந்தேன். இரண்டுமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்தச் சொல்லுக்குக் காரணம் என்ற பொருளோடு வாய்ப்பு, ஆபத்து என்ற பொருள்களும் உண்டு. கத்தோலிக்கப் பாவமன்னிப்பு மரபிலோ, ஒருவரைப் பாவத்துக்கு இழுக்கும் ஆளையும் இடத்தையும் சூழலையும் குறிக்க அதே சொல்தான் வழங்கியது. பெண்ணே பாவத்தின் 'ஒகாசியோன்' என்று ஆண்கள் சொல்லிவந்த உலகத்தில், மடத்துக்குள் இருந்த ஒரு பெண் அந்தச் சொல்லை எடுத்து, நீங்களே அது என்று அவர்கள் மீதே திருப்பி வைத்திருக்கிறார். 'காரணம்' என்று பெயர்த்தால் இந்தத் திருப்பம் மறைந்துவிடும்.

அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் தொலைபேசியில் விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மா முழுவதும் கேட்டுவிட்டு, "அவ இடங்கொடுத்தாதானேன்னு சொல்லுவாங்களே, அதுதானேம்மா?" என்றார். அதுவேதான். பழியைப் பெண்ணின் தலையில் இறக்கிவைக்கத் தமிழில் அன்றாடம் புழங்கும் அந்தச் சொல்லில், வாய்ப்பும் காரணமும் ஆபத்தும் ஒருங்கே இருக்கின்றன. அன்றே எல்லா மேற்கோள்களையும் நானே மொழிபெயர்க்கத் தொடங்கினேன். மூலத்தை மேலேயும் என் மொழிபெயர்ப்பைக் கீழேயும் வைத்து, 'ஒகாசியோன்' பற்றிய அடிக்குறிப்பில் 'இடங்கொடுத்தல்' என்பதைத் தமிழ் எழுத்திலேயே எழுதினேன். பழைய மொழிபெயர்ப்பை நீளமாக எடுத்தாள்வதற்கு அனுமதி தேட வேண்டிய கவலையும் இதனால் நீங்கியது. மூலப் பாடலுக்குப் பதிப்புரிமைத் தடை இல்லை.

மார்ச் நடுவில் திருத்திய படியை அனுப்பினேன், ஏப்ரலில் ஏற்றுக்கொண்டார்கள். அதன் பிறகு ஜூலை வரை எந்தச் செய்தியும் இல்லை. இளங்கலை இதழ்கள் பலவற்றை மாணவர்களே நடத்துகிறார்கள்; அவர்கள் மே மாதத்தில் பட்டம் பெற்றுச் சென்றதும் பொறுப்பு புதியவர்களின் கைக்கு மாறுகிறது. இதை முன்பே அறிந்திருந்தால் நான் அவ்வளவு கலங்கியிருக்க மாட்டேன். ஆறு வாரங்களுக்குப் பிறகு பணிவாக ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்பதில் தவறில்லை.

ஜூலையில், வெளியிடுமுன் பிழை பார்ப்பதற்கான மெய்ப்பு வந்தது. உரிமைப் படிவத்தில் பதிப்புரிமை என்னிடமே இருப்பதாகவும், வணிக நோக்கமின்றி எவரும் பகிரலாம் என்றும் இருந்தது, நிறைவோடு கையெழுத்திட்டேன். மெய்ப்பில் ஸ்பானிய உயிரெழுத்துகளின் மேலிடும் சாய்குறிகள் ஒன்பது இடங்களில் விடுபட்டிருந்தன. அடிக்குறிப்பில் தமிழ்ச் சொல் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டங்களே இருந்தன. ஆங்கில எழுத்தில் பெயர்த்துவிடலாமா என்று பதிப்பாசிரியர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லி, அந்தச் சொல்லைச் சரியாகக் காட்டும் இலவச எழுத்துருவையும், அது எப்படித் தோன்ற வேண்டும் என்பதற்கு ஒரு படத்தையும் அனுப்பினேன். செப்டம்பரில் வெளிவந்த இதழில் ஏழாவது அடிக்குறிப்பில் 'இடங்கொடுத்தல்' பிழையின்றி இருந்தது. அந்தப் பக்கத்தைத்தான் முதலில் அம்மாவுக்கு அனுப்பினேன்.