பிடி அரிசியோடு வடலூருக்கு

வள்ளலார் சத்திய ஞானசபையும், பசித்தவர்களுக்குச் சோறிடும் சத்திய தருமசாலையும் அமைத்த ஊர் வடலூர். பூச நட்சத்திர நாளில் ஜோதி தரிசனத்துக்காக அங்கே போகும் பயணத்துக்குப் பை கட்டுவது கடைசி வேலை. முதல் வேலை வீட்டு அடுப்படியில், பூசத்துக்கு 27 நாள் முன்னால் தொடங்குகிறது. மூடியுள்ள ஒரு பானையோ எவர்சில்வர் டப்பாவோ எடுத்து வைத்துக்கொண்டு, தினமும் உலை வைக்கும்போது தருமசாலைக்கென்று ஒரு பிடி அரிசியை அதில் போடுங்கள். நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த பிடி அரிசிதான், புதிதல்ல. ஆனால் பலரும் ஓரிடத்தில் தவறுகிறார்கள். வீட்டுக்கு வேண்டியதை அளந்து உலையில் போட்டுவிட்டு, மூட்டையிலிருந்து தனியாக ஒரு பிடி எடுத்துப் போடுகிறார்கள். அது தானம்தான், சந்தேகமில்லை. ஆனால் எளிமை அதில் வராது. அளந்து வைத்த அரிசியிலிருந்தே அந்தப் பிடி போக வேண்டும். அன்றைக்கு வீட்டில் சோறு ஒரு கரண்டி குறையும். குறைந்தது யாருக்காவது தெரிகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் தெரியாது. நமக்கு எவ்வளவு போதும் என்ற கணக்கு அங்கேதான் பிடிபடும்.

பெரியவர் கையில் ஒரு பிடி 40 முதல் 50 கிராம் வரும். 27 நாளில் ஒன்றேகால் கிலோவை ஒட்டிச் சேரும். பந்தியில் அது பத்துப் பேருக்குச் சோறு. புழுங்கலரிசியும் பச்சரிசியும் ஒரே பானையில் விழக்கூடாது. சேர்த்து வேகவைத்தால் பச்சரிசி குழைந்துபோகும், புழுங்கல் நறுக்கென்று நிற்கும், சமைப்பவருக்குத் தலைவலி. புது அரிசியையும் பழைய அரிசியையும் கலந்தாலும் இதே சிக்கல்தான். வண்டு வராமலிருக்க நன்றாகக் காய்ந்த வேப்பிலை நாலு, காய்ந்த மிளகாய் ரெண்டு போதும். வேப்பிலையில் ஈரம் இருந்தால் அரிசி சிக்கு வாடை அடிக்கும். ஆறு மாதம் சேர்த்து மொத்தமாகக் கொண்டுபோகலாம் என்று வைப்பவர்கள் கடைசியில் புழு பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். பூசத்துக்குப் பூசம் கொடுத்துவிடுவது நல்லது.

அடுத்து தேதி. மாதப் பூசம் என்றாலே பௌர்ணமி என்று நினைத்துப் போய் ஏமாந்து திரும்புகிறவர்கள் உண்டு. பூச நட்சத்திரம் இருப்பது கடக ராசியில். தை மாதம் சூரியன் எதிரே மகரத்தில் இருப்பதால், சந்திரன் பூசத்துக்கு வரும்போது முழு நிலவாக இருக்கிறது. ஆடியில் சூரியனே கடகத்தில் நிற்பதால் பூசம் அமாவாசையை ஒட்டி வரும். சந்திரன் ஒரு சுற்று வர 27 நாள் சொச்சம்தான் ஆகிறது. ஆகவே சில தமிழ் மாதங்களில் பூசம் இரண்டு தடவைகூட வந்துவிடும். காலண்டரில் ‘பூசம்’ என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். நட்சத்திரம் அன்றிரவு வரை இருக்கிறதா, முந்தைய மாலையே தொடங்கிவிட்டதா என்று பார்த்து, சபையில் எந்த நாளை அறிவித்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். சாதாரண நாளில் போனால் சபையைப் பார்க்கலாம், தருமசாலையில் சாப்பிடலாம். சபையில் ஜோதியை மறைத்திருக்கும் திரைகளை விலக்கிக் காட்டும் தரிசனம் கிடைக்காது.

மாதப் பூசத்தில் தரிசனம் இரவு 8 மணியை ஒட்டி, ஆறு திரை விலக்கி நடக்கும். ஏழு திரையும் விலகுவது தைப்பூசத்தில் மட்டும். அன்று காலை 6, 10, பிற்பகல் 1, இரவு 7, 10, மறுநாள் விடியற்காலை 5.30 என ஆறு காலம். முதல் தடவை போகிறவர்கள் மாதப் பூசத்தில் போவதே மேல். தைப்பூசக் கூட்டத்தில் தள்ளுமுள்ளுக்கு நடுவே நிற்க உடம்பில் தெம்பு வேண்டும், குழந்தைகளையும் வயதானவர்களையும் வைத்துக்கொண்டு கஷ்டம்.

கடலூர்–விருத்தாசலம் ரயில் பாதையில் வடலூர் நிலையம் இருக்கிறது. பண்ருட்டி வழியாகக் கும்பகோணம் போகும் சாலையும் ஊரைத் தொட்டுத்தான் போகிறது. மருதூர், கருங்குழி, வடலூர், மேட்டுக்குப்பம் என நாலு இடமும் பார்க்க ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். வள்ளலார் 1823 அக்டோபர் 5 அன்று பிறந்த மருதூர் வீட்டிலிருந்து தொடங்குவது முறையாக இருக்கும். அங்கிருந்து கருங்குழி. அவர் 1858 முதல் 1867 வரை தங்கியிருந்த வீடு அது. எண்ணெய்க் கலயம் உடைந்துபோக, பழக்குவதற்காகத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்த புதுக் கலயத்தை எண்ணெய் என்றெண்ணி எடுத்து ஊற்றினார், விளக்கு விடிய விடிய எரிந்தது என்பது இந்த வீட்டில் நடந்ததாகச் சொல்லப்படும் அற்புதம். அற்புதத்தை மட்டுமே பார்த்துவிட்டு வெளியே வந்துவிடாமல், அறையைக் கொஞ்சம் பாருங்கள். அவர் பாடிய அருட்பாவின் பாடல்கள் பல பிறந்த இடம். ஒரு விளக்கும் எழுத ஓர் இடமும் அதற்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

உச்சிவேளைக்குள் சத்திய தருமசாலைக்கு வந்துவிடுங்கள், அதுவும் பசியோடு. ‘பசித்திரு’ என்று வள்ளலார் சொன்னதை வைத்துப் பட்டினி கிடந்து மயங்கி விழுகிறவர்களும் இருக்கிறார்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிறவர்கள் அந்த வேலையே வைத்துக்கொள்ள வேண்டாம். காலையில் இட்லி ரெண்டோடு நிறுத்திக்கொண்டு, வழியில் வடை, டீ, பிஸ்கட் என்று வாயை அசைபோடாமல் வந்தால் போதும். பசியில்லாமல் பந்தியில் உட்காருகிறவருக்கு இந்தச் சோறு வெறும் சோறு. சாம்பாரில் உப்பு போதவில்லை என்று அவர்தான் சொல்வார்.

1867 மே 23 அன்று இந்தச் சாலையை வள்ளலார் தொடங்கினார். பார்வதிபுரம் கிராமத்தார் 80 காணி நிலம் கொடுத்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டைச் சூறையாடிய 1876, 77-லும் எரிந்தது. சாதி, மதம், ஊர் கேட்காமல் மூன்று வேளையும் சோறு போகிறது. விறகு அடுப்பின் பக்கம் கொஞ்சம் நின்று பாருங்கள். நீளமான குழி, மேலே வரிசையாக அண்டாக்கள், புகைபடிந்து கறுத்த சுவர். வேகும் அரிசியின் கஞ்சி வாசனையும் விறகுப் புகையும் சேர்ந்து துணியில் ஏறிக்கொள்ளும். வீட்டுக்குப் போய்த் துணியை அவிழ்க்கும்போதுகூட அந்த வாசனை இருக்கும். அடுப்புக்கு முன்னால் தட்டுத் தட்டாகக் கற்பூரம் கொளுத்த வேண்டிய அவசியம் இல்லை, சமைப்பவர்கள் நடமாடும் இடம் அது.

கொண்டுவந்த அரிசியை உரிய இடத்தில் கொடுத்துவிடுங்கள். பருப்பு, புளி, பூசணி, வாழைக்காய் போல நாலு நாள் தாங்குவதையும் தரலாம். கீரை, தக்காளி கொண்டுவந்தால் பயண வெயிலில் வாடி, இறக்கும்போதே பாதி குப்பைக்குப் போகும். சமைத்த சோற்றைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து வாசலில் கொடுப்பதும் வேண்டாம். எப்போது சமைத்தது என்று யாருக்கும் தெரியாது, கெட்டிருந்தால் சாப்பிட்டவர் பாடு. கொடுப்பவர் பெயரை மூட்டையில் பெரிதாக எழுதி, அதைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் இப்போது பெருகிவிட்டது. பிடி அரிசிக்கு அது பொருந்தாது. அண்டாவில் விழுந்த பிறகு எது யாருடைய அரிசி?

பந்தியில் ‘கொஞ்சம் போதும்’ என்பதைக் கரண்டி இலைக்கு வருவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். விழுந்துவிட்டால் திரும்ப அள்ள முடியாது. பரிமாறுகிறவர் வேகமாக நகர்வார், உங்கள் தயக்கத்துக்காக நிற்க மாட்டார். முதலில் கால் வயிற்றுக்கு வாங்குங்கள், மறுசோறு கேட்டால் கிடைக்கும். குழந்தைக்குத் தனி இலை போட்டு அது இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்தால், மிச்சத்தை அப்பாவோ அம்மாவோ சாப்பிட்டுவிட வேண்டியதுதான். முதல் கவளத்துக்கு முன்னால் கைகூப்பிக் கண்ணை மூடும்போது நன்றி என்று பொதுவாக நினைத்தால் மனசு அரை நொடியில் வேறெங்கோ ஓடிவிடும். இன்னாருக்கு என்று நினையுங்கள். நாற்று நட்டவர், விறகு பிளந்தவர், அண்டாவை இறக்கும்போது கை சுட்டுக்கொண்டவர், இந்த வெயிலில் இருபதாவது பந்திக்குச் சாம்பார் வாளி தூக்குகிறவர். பெயர் தெரியாவிட்டால் என்ன, ஆள் எதிரிலேயே நிற்கிறார். எழுந்து போகும்போது அவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

வெயில் தாழ்ந்ததும் மேட்டுக்குப்பம். 1870-லிருந்து வள்ளலார் இருந்த சித்திவளாக மாளிகை அங்கே. 1873 அக்டோபரில் உள்ளிருந்த விளக்கை வெளியே எடுத்து வைத்து, அதைத் தடைபடாமல் ஆராதியுங்கள் என்று சொன்னார். 1874 ஜனவரி 30 அன்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தைப்பூசத்துக்கு இரண்டு நாள் கழித்து அந்த அறையின் தரிசனம் உண்டு, திருஅறை தரிசனம் என்பார்கள். மற்ற நாட்களில் அடைத்த கதவுக்கு முன்னால் உட்காரலாம். கால் மணி நேரமாவது உட்காருங்கள். பயணத்தில் பேச்சில்லாமல் இருக்க வாய்ப்பது இங்கே மட்டும்தான்.

இருட்டும் முன் வடலூர் திரும்பிச் சத்திய ஞானசபைக்கு வாருங்கள். எண்கோணமாகக் கட்டி 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று திறந்த சபை. வாசலிலேயே கொலை, புலை தவிர்த்தவர்கள் மட்டும் உள்ளே புகலாம் என்று எழுதியிருக்கும். அசைவம் சாப்பிட்டுவிட்டு வந்து நிற்பவரை யாரும் வாயை முகர்ந்து பார்க்கப் போவதில்லை, அவரவர் நேர்மைக்கு விட்டது. அந்த ஒரு நாளாவது விட முடியாது என்றால் வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம். தேங்காய் பழத் தட்டு, மாலை, அர்ச்சனைச் சீட்டு எதுவும் இங்கே வேலைக்காகாது. உருவச்சிலை இல்லை, அபிஷேகம் இல்லை. இருப்பது ஒரு விளக்கும் கண்ணாடியும் திரைகளும்.

உள்ளே தூசு துடைக்கவும் விளக்கு வைக்கவும் வள்ளலார் 1872-ல் வகுத்த விதி கவனிக்கத்தக்கது. 12 வயதுக்கு உட்பட்டவரோ 72 வயதுக்கு மேற்பட்டவரோ குளித்து, கால்களில் துணி சுற்றிக்கொண்டு போய், முட்டிக்காலிட்டுத் துடைக்க வேண்டும். ஆசை இன்னும் பிடிக்காத வயது, பிடித்து விட்டுப்போன வயது என்று இதற்குப் பொருள் சொல்வார்கள். துதியையும் மெல்லச் சொல்லச் சொன்னவர் அவர். ‘அருட்பெருஞ்ஜோதி’ என்று தொண்டை கிழியக் கத்தும்போது பக்கத்தில் இருப்பவருடைய அமைதி போய்விடுகிறது.

நிற்கும் இடம் முக்கியம். வாசல் தெற்குப் பார்த்தது, ஜோதி உள்ளே ஆழத்தில் இருக்கிறது. வாசலுக்கு நேர்கோட்டில் நின்றால் தெரியும். பக்கவாட்டில் பத்தடி ஒதுங்கினாலும் தூணும் திரையின் ஓரமும்தான் கண்ணில் படும். கூட்டத்தில் முண்டியடித்து முன்வரிசை பிடிப்பதைவிடக் கொஞ்சம் பின்னால் நேராக நிற்பது மேல். கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன் என்று திரைகள் ஒவ்வொன்றாக விலகி, வெள்ளையும் போய்க் கலப்பு நிறத் திரை மிஞ்சும். அந்தக் கடைசித் திரையும் விலகுவது தைப்பூசத்தில். காட்சி சில நொடிகள்தான். அந்த நேரம் பார்த்துப் பக்தியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மூடிய திரையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள் ஏராளம். செல்போனைத் தலைக்கு மேல் தூக்கினால் பின்னால் இருபது பேருக்கு மறைக்கும். ஒன்று தவறினாலும் பதறாதீர்கள், மறுபடியும் திரை விலக்குவார்கள்.

கடன் தீர வேண்டும், பெண்ணுக்கு வரன் வர வேண்டும் என்று ஒரு பட்டியலோடு வந்திருப்பீர்கள். திரை விலகும் நேரத்துக்குள் அதை வாசித்து முடிக்க முடியாது, பையிலேயே இருக்கட்டும்.

திரும்பியதும் பானையைக் கழுவி, ஒரு முழு நாள் வெயிலில் கவிழ்த்து வையுங்கள். பழைய அரிசி மாவு அடியில் ஒட்டியிருந்தால் வண்டு அங்கிருந்துதான் கிளம்பும். துணிப்பையையும் உள்புறம் வெளியே திருப்பி உதறிக் காயப்போடுங்கள். மறுநாள் உலைக்கு அரிசி அளந்ததும் முதல் பிடியைப் போட்டுவிட்டு, அடுத்த பூசத்தைக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.