குழிக்கு வெளியே

எண்ணூரில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. ஒடிசாவின் தால்சேரில் வெட்டிய நிலக்கரி பாரதீப்பில் கப்பலேறி வந்து இங்குள்ள அனல்மின் நிலையங்களில் எரிகிறது. நம் நாட்டு நிலக்கரியில் ஏறத்தாழ 30 முதல் 45 விழுக்காடு சாம்பலே என்பதால், அந்தச் சுரங்கத்தின் ஒரு பங்கு எங்கள் ஊரில் வந்து கிடக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு சென்ட் இடமும் சாம்பல் கொட்டி மேடாக்கி, மேலே ஒரு சாண் செம்மண் பரப்பியதுதான். மூன்று ஆண்டுகளுக்கு முன் அதில் நாவல், புங்கன், பூவரசு என்று பன்னிரண்டு கன்றுகள் நட்டேன். இரண்டாவது கோடையில் ஒன்பது பட்டுப்போயின. நாவற்கன்று ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தபோது, அதன் வேர்கள் குழிச்சுவரைத் தொட்ட இடத்திலேயே திரும்பி, சும்மாடு போலச் சுருண்டிருந்தன. பக்கத்து வீட்டுப் பெரியவர் குழிக்கு வெளியே கடப்பாரையை ஒரு போடு போட்டார்; அது அரை விரற்கடைகூட இறங்கவில்லை. “நீ எங்கப்பா தரையில வெச்ச, தொட்டியிலதான வெச்சிருக்க” என்றார்.

சுரங்க நிலங்களிலும் கன்றுகள் பெரும்பாலும் இப்படித்தான் சாகின்றன. நிலக்கரிக்கு மேலிருந்த மண்ணையும் பாறையையும் கலந்து குவித்து, டிப்பர்களும் புல்டோசர்களும் அதன்மேல் ஓடி ஓடி இறுக்கிவிடுகின்றன. மேல்மண்ணைத் தனியே எடுத்து வைத்தாலும், உயரமான குவியலாக ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் மடிந்துவிடுகின்றன. அமெரிக்காவில் 1977-இல் வந்த சுரங்கச் சட்டத்துக்குப் பிறகு, நிலம் சரியாமல் இருக்கட்டும் என்று அழுத்திச் சமன்செய்து புல் விதைத்தார்கள்; மரம் எழவில்லை. பின்னர் அப்பலாச்சிய மலைப்பகுதிக்கென வகுத்த முறை, மேலே 4 அடி ஆழத்துக்காவது மண் தளர்வாகக் கிடக்க வேண்டும் என்கிறது. மரம் நடுவிழாப் படங்களில் அந்த 4 அடி தெரிவதில்லை என்பதால், அதற்குப் பணம் ஒதுக்க யாருக்கும் மனம் வருவதில்லை போலும்.

அடுத்த புரட்டாசியில் பொக்லைன் வைத்து இடம் முழுவதையும் 4 அடிக்குக் கிளறினேன். புழுதி பறக்காமலிருக்க முதல்நாளே நீர் பாய்ச்சி நனைத்திருந்தேன். ஏரி வண்டலும் மட்கிய சாணமும் கலந்தேன். எரிந்த சாம்பலில் தழைச்சத்து அறவே இராது என்பதால் இம்முறை பாதிக்குமேல் புங்கன். காற்றிலுள்ள தழைச்சத்தை வேர்முடிச்சில் சேர்க்கும் மரம் அது. சீமைக்கருவேலும் அதைச் செய்யும்தான், ஆனால் அதன் நிழலில் வேறு கன்று எளிதில் தலையெடுக்காது. கீரை, காய்கறி எதுவும் போடவில்லை. சாம்பலில் ஆர்சனிக் முதலான நச்சுகள் இருக்கும்.

சென்ற வாரம் ஒரு புங்கனின் அடியில் கையால் மண்ணை விலக்கினேன். கடுகளவு முடிச்சுகள் ஐந்தாறு இருந்தன. ஒன்றை நகத்தால் கீறிப் பார்த்தேன், உள்ளே இளஞ்சிவப்பு. வேலை செய்யும் முடிச்சின் நிறம் அதுதான். நாவல் மட்டும் இன்னும் முழங்கால் உயரத்திலேயே நிற்கிறது.